ஆளை மயக்கும் வாசனை உண்டா?

கதையில் ஒரு கொலைகாரன். கோர்ட்டில் ஒரு நாய்!

மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. 10 ஆயிரம் பேர் கூடி இருக்கிறார்கள். 25 இளம் பெண்களைக் கொன்ற பாதகனுக்கு அன்று மரண தண்டனை.

"விடாதே! கொல்லு!" என்று ஊரே கொதிக்கிறது.

வண்டி வந்து நிற்கிறது. கொலைகாரன் இறங்குகிறான். குள்ளமான உருவம். பார்க்கச் சகிக்காத முகம்.

மறுகணம் கூட்டம் அப்படியே மாறிப் போகிறது! கல்லை ஓங்கிய கை கீழே இறங்குகிறது. "இவனா கொலைகாரன்? இருக்கவே இருக்காது" என்கிறார்கள். பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள். தண்டனையை நிறைவேற்ற வந்தவனுக்குக் கால்கள் துவண்டு போகின்றன. மகளைப் பறிகொடுத்த தகப்பனே ஓடி வந்து, கொலைகாரனைக் கட்டிக்கொண்டு, "என் மகனே!" என்று கதறுகிறார்.

என்ன மாயம் இது?

மாயம் ஒன்றும் இல்லை. வரும்போது அவன் தன் உடம்பில் ஒரு சொட்டு வாசனைத் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தான். அவ்வளவுதான்!

இது நடந்த சம்பவம் அல்ல, கதை. பாட்ரிக் ஸூஸ்கிண்ட் என்ற ஜெர்மன் எழுத்தாளர் எழுதிய நாவலில் வரும் காட்சி. நாவலின் பெயரே 'வாசனைத் தைலம்' என்று பொருள்படும். 1985ஆம் ஆண்டு வெளிவந்த இந்த நாவல், பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு உலகம் எங்கும் விற்பனை ஆயிற்று. 2006ல் சினிமாவாக வந்தது. 2018ல் இதே கருவை இந்தக் காலத்துப் போலீஸ் விசாரணையாக மாற்றி, ஜெர்மன் டெலிவிஷனில் தொடராகக் காட்டினார்கள்.

கதை கிடக்கட்டும். இரண்டு கேள்விகள் எழுகின்றன.

மனிதனை மயக்கி அடிமை ஆக்கும் வாசனை நிஜமாகவே உண்டா?

குற்றவாளியை வாசனையால் கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டுக்கும் விஞ்ஞானிகள் விடை தேடி இருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்கு முன், கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

பால் மணம் இல்லாத குழந்தை

கதாநாயகன் பெயர் கிரெனூய். 1738ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில், நாற்றம் பிடித்த ஒரு மீன் கடையில் பிறந்தவன். பெற்ற தாயே அவனைச் சாகட்டும் என்று குப்பையில் விட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. ஜனங்கள் ஓடி வந்தார்கள். பிழைத்துக்கொண்டது.

பால் கொடுத்து வளர்க்க வந்தவள், சில வாரங்களில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். "குழந்தை என்றால் ஒரு மணம் இருக்கும். இதனிடம் ஒரு மணமும் இல்லை. பயமாக இருக்கிறது" என்றாள்.

பால் மணம் மாறாத குழந்தை என்பார்கள். இதுவோ பால் மணமே இல்லாத குழந்தை!

தனக்கு வாசனை இல்லாத அவனுக்கு, உலகத்தில் உள்ள எல்லா வாசனையும் தெரியும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பான். எதிரே கல்லா, மரமா, மனிதனா என்று மூக்கே சொல்லிவிடும்.

தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தான். பிறகு, வாசனைத் தைலம் காய்ச்சும் வியாபாரியிடம் சேர்ந்தான். பூவில் இருந்து மணத்தைப் பிரிக்கும் தொழிலைக் கற்றான். தோல் பதனிடும் இடத்தில் இருந்த காலத்திலேயே, ஒரு நாள் இளம் பெண் ஒருத்தியின் மேனி மணம் அவன் மூக்கில் பட்டிருந்தது. அந்த மணம் தனக்கே வேண்டும் என்ற வெறி பிடித்தது. அவள் உயிர் போயிற்று.

பிறகு தெற்கே கிராஸ் என்ற ஊருக்குப் போனான். அங்கே ஒருவர் பின் ஒருவராக அழகிய பெண்கள் கொலை ஆனார்கள். நகை திருடு போகவில்லை. யாருக்கும் பகையும் இல்லை. ஊர் நடுங்கியது.

துப்புத் துலக்கியவர் போலீஸ்காரர் அல்ல. அழகான மகளைப் பெற்ற ஒரு பணக்காரர். "இவன் கண்டபடி கொல்லவில்லை. அழகை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறான். கடைசியில் என் மகளிடம்தான் வருவான்" என்று கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். மகளை அழைத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினார். ஆனால் கொலைகாரனுக்கு வழி காட்டக் கண் தேவை இல்லை, மூக்கு இருந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்விட்டான்!

பிறகு அவன் பிடிபட்டான். அவன் தங்கி இருந்த குடிசையில், இறந்த பெண்களின் உடைகளும் கூந்தலும் அகப்பட்டன. தண்டனை விதித்தார்கள். மைதானத்தில் நடந்ததைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

யாரோ ஒருவன் சாக வேண்டும்!

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஓர் இடம் இருக்கிறது.

மயக்கம் தெளிந்ததும் ஊர் ஜனங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்ததைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் 25 கொலைகளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே! துருவோ என்ற தொழிலாளியைப் பிடித்தார்கள். கொலைகாரனோடு ஒன்றாக வேலை செய்தவன். ஒரு பாவமும் அறியாதவன். சித்திரவதை செய்தார்கள். வலி பொறுக்காமல், "நான்தான் செய்தேன்" என்றான். தூக்கில் போட்டுவிட்டு ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

வாசனையில் மயங்கியவர்கள் ஒரு கொலைகாரனை விட்டார்கள். ஒரு நிரபராதியைக் கொன்றார்கள்.

"கதையில்தானே!" என்று தோன்றும். நிஜ உலகத்தில் இதைப் போல ஒன்று நடந்திருக்கிறது. அது பின்னால் வருகிறது.

பூவோடு சேர்ந்த கொழுப்பு

கதை கற்பனை. கதை நடக்கும் கிராஸ் நகரம் கற்பனை அல்ல. பிரான்ஸ் தேசத்தின் தெற்கே இன்றும் இருக்கிறது. முன்னொரு காலத்தில் தோல் பதனிடும் ஊர். தோலின் நாற்றத்தை மறைக்க, தோல் கையுறைகளுக்கு மணம் ஏற்றினார்கள். அந்தக் கைத்தொழில் வளர்ந்து, உலகத்துக்கே 'சென்ட்' கொடுக்கும் ஊராக அதை ஆக்கிவிட்டது. ரோஜாவும் மல்லிகையும் அங்கே வயல் வயலாக வளர்ந்தன. இந்த ஊரின் வாசனைத் தொழிலை 2018ல் யுனெஸ்கோ, மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மல்லிகையைக் கொதிக்க வைத்தால் மணம் கெட்டுவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். கண்ணாடித் தட்டில், மணம் இல்லாத சுத்தமான கொழுப்பைத் தடவினார்கள். அதன் மேல் பூக்களைப் பரப்பினார்கள். பூவின் மணத்தைக் கொழுப்பு மெல்ல மெல்ல உறிஞ்சியது. பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூவை வைத்தார்கள். பல நாள் இப்படிச் செய்த பிறகு, கொழுப்பைச் சாராயத்தில் அலசி மணத்தைப் பிரித்தார்கள்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. அங்கே கொழுப்பு மணந்தது!

கதையின் கொலைகாரன் பூக்களுக்குப் பதிலாகப் பெண்களிடம் இந்தத் தந்திரத்தைக் காட்டினான். எடுத்த மணத்தைக் கலந்து மயக்குத் தைலம் செய்தான். முதல் பாதி, அதாவது கொழுப்பில் மணத்தை ஏற்றுவது, உண்மையான தொழில். மயக்குவது மட்டும் நிஜமா?

அந்துப்பூச்சிக்கு வந்த 40 மாப்பிள்ளைகள்

மயக்கும் வாசனை உண்டு. சந்தேகமே இல்லை. ஆனால் அது பூச்சிகளின் உலகத்தில்!

பிரான்சில் ஃபாபர் என்று ஒருவர் இருந்தார். பூச்சிகளைக் கவனிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். 100 ஆண்டுகளுக்கும் முன்னால், மே மாதத்தில் ஒரு நாள் காலை, அவர் வீட்டில் ஒரு கூட்டில் இருந்து பெண் அந்துப்பூச்சி வெளியே வந்தது. பெரிய ஜாதி. இறக்கையில் மயில் கண் போலப் புள்ளிகள் இருக்கும். அதை ஒரு வலைக் கூண்டில் மூடி வைத்தார்.

இரவு 9 மணி. அவருடைய சின்னப் பையன் பாதி உடையோடு கத்திக்கொண்டே ஓடினான். "அப்பா! சீக்கிரம் வாங்க! அறை முழுக்கப் பறவை மாதிரிப் பூச்சி!"

விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். சுமார் 40 ஆண் பூச்சிகள் இருட்டில் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டு இருந்தன. எங்கிருந்தோ தேடி வந்தவை!

எப்படித் தெரிந்தது? ஃபாபர் வேறொரு ஜாதிப் பூச்சியை வைத்துப் பிறகு சோதித்தார். பெண் பூச்சியைக் கண்ணாடி மூடிக்குள் அடைத்து, எதிரே வைத்தார். அது முதல் நாள் இரவு தங்கி இருந்த காலிக் கூண்டை மூலையில் வைத்தார். வந்த ஆண் பூச்சிகள் எல்லாம் காலிக் கூண்டுக்கே போயின! கண்ணுக்கு எதிரே இருந்த பெண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசனைதான் அழைத்தது என்பது தெளிவாயிற்று. அந்த வாசனை என்ன பொருள்? ஜெர்மனியில் புட்டனாண்ட் என்ற விஞ்ஞானி, பட்டுப்பூச்சியை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார். அவர் நோபல் பரிசு பெற்றவர். அவரும் கூட்டாளிகளும் சுமார் 20 வருஷம் உழைத்தார்கள். 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன. கடைசியில் கிடைத்தது ஒரு சிட்டிகைகூட இல்லை, சில மில்லிகிராம்! 1959ல் முடிவை வெளியிட்டார்கள். அதே ஆண்டில், ஓர் உயிர் தன் இனத்துக்கு விடும் இத்தகைய ரசாயனச் செய்திக்குப் 'பெரமோன்' என்று பெயர் வைத்தார்கள்.

இதை நம் விவசாயிகளும் அறிவார்கள். வயலில் தொங்கவிடும் 'இனக்கவர்ச்சிப் பொறி' இந்த வித்தைதான். பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாகச் செய்து, பொறிக்குள் வைக்கிறார்கள். இணை கிடைக்கும் என்று வரும் ஆண் பூச்சி மாட்டிக்கொள்கிறது.

பூச்சிக்கு யோசனை கிடையாது. வாசனை "வா" என்றால் வந்துவிடும்.

மனிதன் எப்படி?

புட்டிக்குள் காதலா?

பூச்சிக்கு இருந்தால் மனிதனுக்கும் இருக்கும் என்று பலர் நம்பினார்கள். நம்பிக்கை இருந்த இடத்தில் வியாபாரமும் வந்தது. "இதைப் பூசிக்கொள்ளுங்கள், எதிரே இருப்பவர் மயங்குவார்" என்று புட்டி புட்டியாக விற்றார்கள், விற்கிறார்கள்.

இரண்டு ரசாயனங்களைத்தான் 'மனிதப் பெரமோன்' என்று அதிகம் பேசினார்கள். ஒன்று ஆண்களின் வேர்வையில் இருப்பது. மற்றொன்று கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருப்பது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வையாட் என்ற விஞ்ஞானி இந்தப் பேச்சின் வேரைத் தேடிப் போனார். 1991ல் பாரிஸில் நடந்த ஒரு கூட்டத்தில் போய் முடிந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பணம் கொடுத்தது, அதே ரசாயனங்களை வைத்து வியாபாரம் செய்ய இருந்த ஒரு கம்பெனி! இவை மனிதப் பெரமோன்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2015ல் அவர் எழுதினார்.

2017ல் ஆஸ்திரேலியாவில் நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். இந்த ரசாயனங்களை முகரச் செய்து, எதிர்ப்பாலரின் படங்களைக் காட்டி, "யார் அழகு?" என்று கேட்டார்கள். முகர்ந்தாலும் ஒன்றுதான், முகராவிட்டாலும் ஒன்றுதான். வித்தியாசமே தெரியவில்லை.

அப்படியானால் வாசனைக்கும் மனித மனத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

உண்டு. ஆனால் அது கட்டளை அல்ல, வெறும் குறிப்பு.

பிள்ளை பெற்ற தாயிடம் சில குழந்தைகளின் சட்டைகளைக் கொடுத்தால், தன் குழந்தையின் சட்டையை முகர்ந்தே எடுத்துவிடுகிறாள். இது சோதனையில் தெரிந்தது.

சுவிட்சர்லாந்தில் 1995ல் ஒரு விசித்திரமான சோதனை நடந்தது. நடத்தியவர் வெடெகிண்ட் என்ற விஞ்ஞானி. 44 மாணவர்களுக்குப் பனியன் கொடுத்தார். இரண்டு இரவு போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சென்ட் பூசக் கூடாது. பிறகு அந்தப் பனியன்களைப் பெட்டியில் போட்டு, 49 மாணவிகளை முகரச் சொன்னார். யாருடையது என்று சொல்லவில்லை. நோயை எதிர்க்கும் பரம்பரைக் கூறுகள் தங்களில் இருந்து மாறுபட்ட ஆண்களின் மணமே, மாணவிகளில் பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது! கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் முடிவு தலைகீழாக இருந்தது. பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில், சிலவற்றில் இதே முடிவு வந்தது; சிலவற்றில் வரவில்லை.

2011ல் இஸ்ரேல் நாட்டில் இன்னொரு சோதனை. சோகப் படம் பார்த்துப் பெண்கள் விட்ட கண்ணீரைச் சேகரித்து, ஆண்களை முகரச் செய்தார்கள். கண்ணீருக்கு வாசனையே இல்லை. ஆனாலும் அந்த ஆண்களின் உடம்பில் ஆண்மைச் சுரப்பு சற்றுக் குறைந்தது.

இவ்வளவுதான் விஞ்ஞானம் கண்டது. சின்னச் சின்ன ஜாடைகள். 10 ஆயிரம் பேரை மண்டியிட வைக்கும் சொட்டுத் தைலத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மனிதனுக்கு வாசனையை அறிய மூக்கில் சுமார் 400 வகை ரசாயனப் பூட்டுகள் இருக்கின்றன. அந்தப் பூட்டுகளைக் கண்டறிந்த ஆக்ஸல் என்பவருக்கும் லிண்டா பக் என்ற அம்மையாருக்கும் 2004ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பூட்டைத் திறந்து வாசனை உள்ளே போனாலும், அங்கே ஞாபகம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, அறிவு இருக்கிறது. முடிவு எடுப்பது அவை.

கண்ணாடிப் புட்டியில் மனித வாடை

இனி இரண்டாவது கேள்வி. குற்றவாளியை வாசனையால் கண்டுபிடிக்க முடியுமா?

ஆளுக்கு ஆள் உடம்பு வாடை மாறும். நாய் அதை நன்றாக அறியும். காணாமல் போன குழந்தையைத் தேடவும், ஓடி ஒளிந்தவனைப் பிடிக்கவும், மறைத்து வைத்த வெடிகுண்டைக் காட்டவும் மோப்ப நாய் செய்த உதவி கொஞ்சம் அல்ல.

கிழக்கு ஜெர்மனி என்று ஒரு தேசம் 1990 வரை இருந்தது. அதன் ரகசியப் போலீஸ் இதை ஒரு பெரிய ஏற்பாடாகவே செய்தது. சந்தேகப்பட்ட ஆளை அழைத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். நாற்காலி மேல் ஒரு மஞ்சள் துணி. விசாரணை முடிந்து ஆள் போனதும், துணியை எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, பெயர்ச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பிறகு, அரசாங்கத்தைத் திட்டி நோட்டீஸ் ஏதாவது கிடைத்தால், நாயை விட்டு நோட்டீஸின் வாடையையும் புட்டியின் வாடையையும் ஒப்பிடுவார்கள். அந்தப் புட்டிகளை இன்றும் ஜெர்மனியில் மியூசியத்தில் பார்க்கலாம்.

நாய் பொய் சொல்லாது. அது உண்மை. ஆனால் நாய் எஜமானைச் சந்தோஷப்படுத்த ஆசைப்படும். அதுவும் உண்மை!

அமெரிக்காவில் 2011ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 18 மோப்ப நாய்களையும் அவற்றை நடத்தும் ஆட்களையும் ஒரு மாதாகோவிலுக்கு அழைத்து வந்தார்கள். "சரக்கு ஒளித்து வைத்திருக்கிறது. சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறோம்" என்று ஆட்களிடம் சொன்னார்கள். உண்மையில் சரக்கே இல்லை! 144 தடவை தேடினார்கள். 21 தடவைதான், ஒன்றும் இல்லை என்ற சரியான முடிவு வந்தது. மற்றத் தடவைகளில் "இருக்கிறது" என்று தப்பான தகவல்! மொத்தம் 225 தப்பு. முகர்ந்தது நாய். ஆனால் "அங்கே இருக்கும்" என்ற எண்ணம் மனிதனுக்கு. கயிறு வழியாக அந்த எண்ணம் நாய்க்குப் போய்விட்டதோ, நாய் காட்டாததைக் காட்டியதாக ஆளே நினைத்துக்கொண்டாரோ, எப்படியும் முடிவு தப்பு.

ஹாலந்து தேசத்தில் இன்னும் பெரிய சங்கதி வெளியாயிற்று. அங்கே சந்தேகப்பட்டவரின் வாடையை மற்றவர்களின் வாடையோடு வரிசையில் வைத்து நாயை முகரச் செய்வார்கள். எது யாருடையது என்பது நாயை நடத்துகிறவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் விதி. 1997 முதல் 2006 வரை ஒரு பகுதியில் இந்த விதியை மீறி, தெரிந்துகொண்டே சோதனை செய்திருக்கிறார்கள்! அந்தச் சோதனைகளை நம்ப முடியாது என்று கோர்ட்டுகள் தள்ளிவிட்டன.

மஞ்சள் சட்டை

இப்போது அந்த நிஜக் கதை.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கடற்கரை ஓரத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அந்த இரவில் ஒரு ஆள் வழியில் ஒரு வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டான். இறங்கும்போது, ரத்தக் கறை படிந்த மஞ்சள் சட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான். சட்டை போலீசுக்கு வந்தது.

வில்லியம் டில்லன் என்ற 22 வயது வாலிபரைப் போலீஸ் சந்தேகப்பட்டது. மோப்ப நாய் வந்தது. அதை நடத்தியவர் பெரிய பேர் பெற்றவர். மாதக் கணக்கில் ஆன வாடையையும் தன் நாய் அறியும் என்று சொல்லிக்கொண்டவர். டில்லனின் வாடையும் சட்டையின் வாடையும் ஒன்றே என்று நாய் காட்டியதாகக் கோர்ட்டில் சாட்சி சொன்னார்.

வேறு சாட்சிகளும் டில்லனுக்கு எதிராக வந்தார்கள். வண்டிக்காரருக்கு ஒரு கண்ணில் பார்வை சரி இல்லை. டில்லனின் சிநேகிதி ஒருத்தி சொன்ன சாட்சியைப் பிறகு அவளே பொய் என்றாள். ஆனால் அந்தப் பலவீனங்களை எல்லாம் நாயின் மூக்கு மூடிவிட்டது. நாய்க்கு என்ன பகை? நாய் ஏன் பொய் சொல்லப் போகிறது?

ஆயுள் தண்டனை!

1984ல் வேறொரு வழக்கில் ஒரு நீதிபதிக்குச் சந்தேகம் வந்தது. தாமே ஒரு சோதனை வைத்தார். சில நாட்களுக்கு முன் ஆள் நடந்து போன வழியைக் காட்டு என்றார். மாதக் கணக்கான வாடையை அறியும் என்ற நாய், அந்த வழியைக் காட்டவில்லை! சாயம் வெளுத்தது. ஆனால் டில்லன் ஜெயிலிலேயே இருந்தார். அவர் கதவு திறக்க இன்னும் 24 வருஷம் ஆயிற்று.

டி.என்.ஏ. சோதனை என்ற புது விஞ்ஞானம் வந்தது. அதே மஞ்சள் சட்டையைச் சோதித்தார்கள். சட்டையை அணிந்தவனின் தடயம் அதில் இருந்தது. அது டில்லனுடையது அல்ல!

2008 நவம்பரில் டில்லன் வெளியே வந்தார். உள்ளே போகும்போது 22 வயது. வெளியே வரும்போது 49. போனது 27 வருஷம். அடுத்த மாதம் வழக்கு வாபஸ் ஆயிற்று. 2012ல் ஃபுளோரிடா அரசாங்கம் 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் செய்தது. பணம் வந்தது. வாலிபம் வரவில்லை.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. அதே மோப்ப சாட்சிக்காரரின் சாட்சியோடு 1982ல் ஜெயிலுக்குப் போன மற்றொரு வாலிபர், 22 வருஷம் கழித்து 2004ல் நிரபராதி என்று விடுதலை ஆனார். அவரை விடுவித்ததும் டி.என்.ஏ. சோதனையே.

நம் தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு 1969லேயே இந்த விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தது. நாயைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது. குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நாயின் யூகத்தை நம்பி ஒரு மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் தீர்மானிக்கக் கூடாது என்ற ஆட்சேபங்களை ஒரு வழக்கின் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. மோப்ப நாய் போலீசுக்கு வழி காட்டலாம். நீதிபதிக்கு வழி காட்ட முடியாது.

இயந்திர மூக்கு வருகிறது

இப்போது நாயை விட்டுவிட்டு, இயந்திரத்தை முகர வைக்கப் பார்க்கிறார்கள். டில்லன் தண்டனை பெற்ற அதே ஃபுளோரிடாவில், 2023ல் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 60 பேரின் உள்ளங்கை வாடையைத் துணியில் பிடித்து, அதில் இருந்த ரசாயனங்களை இயந்திரத்தால் பிரித்தார்கள். கைக்கு உரியவர் ஆணா பெண்ணா என்பதை நூற்றுக்கு 96 பங்கு சரியாகச் சொல்ல முடிந்தது. திருடன் கைரேகை படாமல் பார்த்துக்கொள்ளலாம். கை வாடையை விட்டுவிட்டுப் போய்விடுவான். நாளைக்கு அதை வைத்துத் துப்புத் துலக்கலாம்.

நல்ல காரியம்தான். ஆனால் 96 சரி என்றால், 4 தப்பு என்றும் அர்த்தம். அந்த நாலில் ஒருவராக யாருடைய பிள்ளை இருக்கும்?

கதையில் ஊர் ஜனங்கள் ஒரு சொட்டுத் தைலத்தில் மயங்கினார்கள். விசாரிக்க மறந்தார்கள். துருவோ செத்தான். ஃபுளோரிடாவில் யாரும் தைலம் பூசவில்லை. "மூக்கு தப்பு செய்யாது" என்ற நம்பிக்கையிலேயே மயங்கிவிட்டார்கள்.

மனிதனைக் கட்டிப்போடும் வாசனையை இதுவரை எந்த விஞ்ஞானியும் காணவில்லை. வாசனையின் மேல் வைத்த கண்மூடி நம்பிக்கை, ஒரு மனிதரை 27 வருஷம் கட்டிப்போட்டது.